வீட்டுக்குள் கிறிஸ்துவின் அன்பு: மட்டக்களப்பு வீட்டுக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியிலும் புளியந்தீவிலும், சில வேளை கல்முனைப் பக்கமும் நடக்கும் வீட்டு ஜெபக் கூட்டங்களுக்குப் பல வருடமாகப் போய்வருகிறேன். ஜெபம் முடிந்து பிளேன்ரீயும் பிஸ்கட்டும் வந்த பிறகுதான் மனதில் கிடந்த கேள்விகள் வெளியே வரும். சிலர் வாசலில் செருப்புப் போடும்போது மெதுவாகக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். கேட்டவர்களை யாரும் அடையாளம் காணாதபடி விவரங்களை மாற்றிவிட்டேன். நான் போதகர் இல்லை. மெதடிஸ்த சபையில் வளர்ந்த ஒரு தாய், ஓய்வுபெற்ற ஆசிரியை.

இயேசு கலியாணம் கட்டவில்லை, பிள்ளை வளர்க்கவில்லை. குடும்பம் நடத்த அவரை எப்படி முன்மாதிரியாக எடுப்பது?

ஒரு இளந்தகப்பன் இதைக் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அவருக்கு வீடு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஊழியத்தைத் தொடங்கும்போது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது என்று லூக்கா எழுதுகிறார். அதற்கு முந்தின காலத்தின் பெரும்பகுதி நாசரேத்தில், ஒரு தச்சன் வீட்டில். யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று சகோதரர்களின் பெயர்கள் மாற்கு 6இல் இருக்கின்றன, சகோதரிகளும் இருந்தார்கள். கத்தோலிக்க உறவுகள் இவர்களை ஒன்றுவிட்ட சகோதரர் என்று விளங்கிக்கொள்வார்கள். எங்கள் ஊரில் ஒன்றுவிட்ட தம்பியும் தம்பிதான், ஆகவே அந்த வாதம் இங்கே வேண்டாம்.

அந்த வீட்டில் எல்லாம் சுமுகமாகவும் இருக்கவில்லை. அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொந்தக்காரரே பிடித்துக்கொண்டு போக வந்ததாக மாற்கு 3 சொல்கிறது. சகோதரர்களும் அவரை நம்பவில்லை என்கிறது யோவான் 7. சொந்த வீட்டாரே விளங்கிக்கொள்ளாத வேதனை அவருக்குத் தெரியும். அப்படியிருந்தும் கடைசி நேரத்தில், கைகளில் ஆணி அடித்திருக்க, தாய் இனி யார் வீட்டில் இருப்பார் என்று யோசித்து அவரை யோவானிடம் ஒப்படைத்தார். வீட்டுப் பொறுப்பு என்றால் என்னவென்று அறியாதவர் செய்கிற காரியம் இல்லை அது.

அவர் சீஷரின் கால்களைக் கழுவினார். எங்கள் வீட்டில் அது எப்படி இருக்கும்?

யோவான் 13ஐ மெதுவாக வாசித்துப் பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் எழும்புகிறார். மேலுடையைக் கழற்றி வைக்கிறார். சீலையை எடுத்து இடுப்பில் கட்டுகிறார். பாத்திரத்தில் தண்ணீர் வார்க்கிறார். ஒவ்வொன்றும் கையால் செய்த வேலை. வீட்டில் கடைசி வேலைக்காரன் செய்கிற வேலை. காட்டிக்கொடுக்கப் போகிறவனின் காலும் அந்த வரிசையில் இருந்தது.

என் அம்மாவுக்கு நீரிழிவு, வலது கால் பெருவிரலுக்குக் கீழே ஆறாத புண். புண்ணுக்குக் கட்டு மாற்றுவது எப்படி என்று கிளினிக்கில் தாதி காட்டித் தந்தார். எனக்குச் சீழைக் கண்டால் தலைசுற்றும். அதனால் அந்த வேலை என் கணவரிடம் போனது. எங்கள் பக்கம் கலியாணம் கட்டிய ஆண் பெண் வீட்டுக்குத்தான் வருகிறார், ஆனால் மருமகன் முன்னால் மாமி காலை நீட்டி இருக்கவே மாட்டார். முதல் நாள் அம்மா சேலைக்கரையால் காலை மூடிக்கொண்டு, "வேணாம் தம்பி, நீங்க தொடக்கூடாது" என்றார். இவர் ஒன்றும் சொல்லவில்லை. பலகையைப் போட்டுக் கீழே இருந்து, பழைய துவாயை மடியில் விரித்து, காலைத் தூக்கி அதன்மேல் வைத்தார். பழைய கட்டு புண்ணில் ஒட்டியிருந்தது. இழுக்காமல் நனைத்து, நனைத்து, ஓரத்திலிருந்து எடுத்தார். அரை மணி ஆனது. அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, இவர் வேலையால் வரும் நேரத்துக்கு அம்மாவே அந்தப் பலகையை எடுத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்ததைக் கண்டேன்.

பேதுருவும் என் கால்களை நீர் ஒருபோதும் கழுவக்கூடாது என்றுதான் தடுத்தார். அன்பை வாங்கிக்கொள்ள வெட்கப்படுகிற பெரியவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் சேலைக்கரை ஞாபகம் வரும்.

உங்கள் வீட்டிலும் யாரும் தன் வேலை என்று சொல்லாத வேலை ஒன்று இருக்கும். கக்கூஸ் கழுவுவது, காய்ச்சல்காரப் பிள்ளையின் வாந்தியை அள்ளுவது, படுக்கையில் கிடக்கிற அப்பப்பாவைப் புரட்டி முதுகு துடைப்பது. அதில் தொடங்குங்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: ஏற்கெனவே எல்லா வேலையையும் செய்கிற பெண்களைப் பார்த்து இந்த அதிகாரத்தை வாசிப்பதை நான் ஏற்கமாட்டேன். அன்று பந்தியிலிருந்து எழும்பியவர் அங்கே எல்லாருக்கும் பெரியவர்.

பெண் வீட்டில் இருக்கிறேன். என் சொல்லுக்கு மதிப்பில்லை. என்ன செய்வது?

வெளியிலிருந்து வரும் குடும்பப் பிரசங்கங்கள் பெரும்பாலும் மாமியார் வீட்டில் இருக்கும் மருமகளைப் பற்றித்தான் சொல்லும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அது பொருந்தாது. இங்கே தவிக்கிறவர் அனேகமாக மருமகன்தான். புருஷன் தகப்பனையும் தாயையும் விட்டு மனைவியோடு இசைந்திருப்பான் என்று ஆதியாகமம் சொல்வதை எங்கள் வழக்கம் அப்படியே செய்கிறது, ஆனால் அந்த இசைந்திருத்தலுக்கு இடம்விட மறந்துவிடுகிறது.

மனைவிமாருக்கு ஒரு வார்த்தை: இரவு உங்கள் இருவருக்கும் நடந்த கோபம் காலையில் அம்மாவின் காதுக்குப் போக வேண்டாம். நீங்கள் பின்னேரமே அவரை மன்னித்துவிடுவீர்கள், அம்மா ஐந்து வருடத்துக்கு மறக்கமாட்டார். மாமிமாருக்கு: கூரை ஓடு மாற்றுவது, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது போன்ற விசயங்களில் முடிவெடுத்த பிறகு அவருக்கு அறிவிக்காமல், எடுக்கும் முன் கேளுங்கள். மருமகனுக்கு: கோபம் வந்தவுடன் தாய் வீட்டில் போய்ச் சாப்பிடுவதை நிறுத்துங்கள். மனைவிக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை.

"மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்" என்று வேதத்தில் இருக்கிறதே. அவர் அடித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

இல்லை.

எபேசியர் 5இல் மனைவியைப் பார்த்து எழுதியது 22ஆம் வசனத்தில் தொடங்கி 24இல் முடிகிறது. 25இலிருந்து அதிகாரம் முடியும் வரை பெரும்பகுதி புருஷனுக்குத்தான். கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல அவன் அன்புகூர வேண்டும், மனைவியைத் தன் சொந்த உடம்பாக நினைக்க வேண்டும் என்று. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், 21இல், ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள் என்று இருக்கிறது. கையை ஓங்கிக்கொண்டு 22ஐ மட்டும் சொல்கிறவர் மிச்சத்தை வாசிக்கவில்லை.

நான் முன்பு போய்வந்த ஒரு சபையில், முகம் வீங்கி வந்த பெண்ணை ஜெபித்துத் திருப்பி அனுப்பினோம். நானும் அந்த ஜெபத்தில் கைகோத்து நின்றேன். அடுத்த மாதம் அவருக்குக் கை முறிந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் பொறுத்துக்கொள் என்று நான் சொன்னதில்லை.

லூக்கா 4ஐப் பாருங்கள். சொந்த ஊரார் இயேசுவை மலைச்சரிவிலிருந்து தள்ளிவிடக் கொண்டுபோனபோது அவர் அவர்கள் நடுவாகக் கடந்து போய்விட்டார். அடிவாங்கிக்கொண்டு நிற்பதுதான் அன்பு என்றால் அன்று அவர் அங்கேயே நின்றிருப்பார். சிலுவையை அவர் தாமாக ஏற்றுக்கொண்டார், வேறொருவருக்கு அதைச் சுமத்தவில்லை.

செய்ய வேண்டியது: முதலில் பாதுகாப்பான வீட்டுக்குப் போங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பொலிஸ் நிலையத்தில் மகளிர், சிறுவர் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது 12 மாதம் வரை செல்லுபடியாகும். நீதிமன்றம் போவது விசுவாசக் குறைவு இல்லை. மன்னிப்பு தன் நேரத்தில் வரட்டும். மன்னித்துவிட்டால் அதே கூரையின் கீழ் படுக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை.

பிள்ளையை அடிக்காமல் எப்படி வளர்ப்பது? பிரம்பைப் பற்றி நீதிமொழிகளில் இருக்கிறதே?

இருக்கிறது. கொலோசெயர் 3:21இல், பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்றும் இருக்கிறது. அது பிதாக்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னது. எங்கள் வீடுகளில் அதிகம் அடி விழுகிற வருடம் எது தெரியுமா? ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை வருடம். பத்து வயதுப் பிள்ளை செய்த குற்றம் கணக்கில் பிழைவிட்டதுதான். அந்த அடியில் ஒழுக்கம் எங்கே இருக்கிறது? எங்கள் பயமும் பக்கத்து வீட்டாரோடு உள்ள போட்டியும்தான் இருக்கிறது.

நான் அடித்து வளர்க்கவில்லை, ஆனால் வாயால் அதைவிட மோசமாகச் செய்திருக்கிறேன். மகள் எட்டாம் ஆண்டு படிக்கும்போது, அவளுடைய தவணை அறிக்கையை இரண்டு மச்சாள்மார் இருக்கும்போதே சத்தமாக வாசித்து ஏசினேன். அதன் பிறகு இரண்டு தவணை அவள் அறிக்கையை எனக்குக் காட்டவில்லை. குசினியில் தனியாகப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "எல்லாருக்கும் முன்னால ஏசினீங்க, இப்ப தனியா வந்து கேக்குறீங்க" என்றாள். பதில் இல்லை. அடுத்த ஞாயிறு அதே மச்சாள்மாரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு, அவர்கள் முன்னாலேயே கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய் எனக்கு ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு வந்தாள்.

பிள்ளைகளைத் துரத்திய சீஷர் மேல் இயேசு கோபப்பட்டார் என்று மாற்கு 10 சொல்கிறது. பிறகு பிள்ளைகளை அணைத்துக்கொண்டார். அவர் கோபம் யார் பக்கம் திரும்பியது என்பதைக் கவனியுங்கள்.

மனைவி குவைத்தில் வேலை செய்கிறார். பிள்ளைகள் என்னோடு. தாயின் அன்பை நான் எப்படிக் கொடுப்பது?

தாயின் அன்பைத் தாய்தான் கொடுப்பார், வாட்ஸ்அப்பில் என்றாலும். அதற்கு நீங்கள் வழிவிட வேண்டும். "படிச்சியா, சொல் கேக்கிறியா" என்ற விசாரணையாக அந்தக் கோல் முடியாமல், என்ன சாப்பிட்டாய், யாரோடு விளையாடினாய் என்று போகட்டும். பிள்ளையின் குழப்படியை எல்லாம் தூரத்தில் இருக்கிறவரிடம் முறையிட வேண்டாம், அங்கே அவர் அழுதுவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

வாவியில் வலை வீசும் ஒருவரை எனக்குத் தெரியும். மகளுக்கு ஏழு வயது. வலை பின்னும் கைக்குத் தலைமுடி பின்னுவது பெரிய காரியமா என்று நினைத்தாராம். முதல் வாரம் இரட்டைப் பின்னல் ஒன்று மேலே, ஒன்று கீழே. பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் இருந்து படித்தார். இப்போது விடிய வலையைத் தட்டிவிட்டு வந்து, கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவி, மீன் வாசம் போனதா என்று மகளையே மணந்து பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் சீப்பை எடுக்கிறார்.

கணவருக்குத் தெரியாமல் நுண்கடன் எடுத்துவிட்டேன். சொல்லவா வேண்டாமா?

சொல்லுங்கள், அடுத்த கிழமைக் கட்டுப்பணத்துக்கு ஆள் வாசலுக்கு வருவதற்கு முன். ஒரு கடனை அடைக்க இன்னொன்று எடுத்து மூன்றில் மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் கிராமங்களில் நிறையப் பேர். மறைத்ததற்கு வெட்கம்தான் காரணம் என்றால் நம்பக்கூடிய ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு சொல்லுங்கள். கணவன்மாரே, அவர் ஏன் உங்களிடம் சொல்லப் பயந்தார் என்று ஒரு இரவு யோசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

சீதன வீட்டால், காணியால் கூடப்பிறந்தவர்கள் கதைக்காமல் இருக்கிறோம். கிறிஸ்தவர்கள் இதை எப்படித் தீர்ப்பது?

லூக்கா 12இல் ஒருவன் இயேசுவிடம் இதே வழக்கைக் கொண்டுவந்தான்: என் சகோதரன் எனக்குப் பாகம் பிரித்துத் தரச் சொல்லும் என்று. அவர் தீர்ப்புச் சொல்லவில்லை, பொருளாசையைப் பற்றி எச்சரித்தார். ஆகவே எந்தப் பக்கம் நியாயம் என்று நானும் சொல்லப் போவதில்லை.

ஆனால் தாய் தகப்பன் விசயத்தில் அவர் வெளிப்படையாகவே சொன்னார். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பிக்கிறவர்களை மாற்கு 7இல் கண்டித்தார். எங்கள் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது, பெற்றோர் பின்வளவில் ஒரு சின்னக் கொட்டிலுக்குப் போகிறார்கள். அண்ணன்மார் பத்து வருடம் வெளிநாட்டில் உழைத்துத் தங்கச்சிக்குக் கட்டிய வீடு அது. தங்கச்சி அதை மறக்கக் கூடாது. அண்ணன்மாரும் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. காணி உறுதி எழுதும்போது பெற்றோர் சாகும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையையும் சேர்த்து எழுதுங்கள். பெற்றோரைக் கைவிடக் கூடாது என்று இலங்கையில் சட்டமே இருக்கிறது, 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். அந்தச் சட்டத்தைத் தேடிப் போகும் நிலைமை எங்கள் பெற்றோருக்கு வரக் கூடாது.

குடும்ப ஜெபம் எவ்வளவு நேரம்?

சின்னப் பிள்ளை கொட்டாவி விடும் வரை. பத்து நிமிடம் போதும். பிள்ளையின் குறையை ஜெபத்துக்குள் வைத்து ஏசாதீர்கள், பிள்ளைக்கு அது நன்றாக விளங்கும்.

எங்கள் உறவுகள் பாதிப்பேர் சைவம். சடங்குக்கும் திருவிழாவுக்கும் கூப்பிடுகிறார்கள். எப்படி நடந்துகொள்வது?

வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி 1814இல் மட்டக்களப்பில் வந்து இறங்கினார், ஒரு வருடம் முடியும் முன்பே இங்கே இறந்துபோனார். அன்றிலிருந்து இன்றுவரை நாங்கள் சைவ உறவுகளோடு ஒரே வளவில், ஒரே கிணற்றில்தான் வாழ்கிறோம். என் பெரியம்மா வீட்டில் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் போவார்கள். நாங்கள் பூசைக்குப் போகமாட்டோம், அதைப் பணிவாகச் சொல்லிவிடுவோம். ஆனால் அந்த நாட்களில் அவர்கள் வீட்டு மாட்டையும் கோழியையும் பார்ப்பது எங்கள் பொறுப்பு. படைத்த சாப்பாட்டைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு நீளமாக எழுதியிருக்கிறார். அதில் ஒவ்வொருவரின் மனச்சாட்சிக்கும் இடம் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒருவர் சாப்பிட்டு ஒருவர் சாப்பிடாமல் இருந்தால் அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம்.

செத்த வீட்டுக்கு மட்டும் முதல் ஆளாகப் போங்கள். கதிரை இறக்குங்கள், தேத்தண்ணி ஊற்றுங்கள். பிள்ளைகள் முன்னால் அவர்களுடைய சாமியைக் கேலி செய்யாதீர்கள். பிள்ளை அதைக் கொண்டுபோய்ப் பெரியம்மாவின் மடியில் சொல்லும்.

2019க்குப் பிறகு, மன்னிப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

அந்த ஈஸ்டர் ஞாயிறு, ஏப்ரல் 21. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் தற்கொலைக் குண்டு வெடித்து, ஞாயிறு பாடசாலைக்கு வந்த சின்னப் பிள்ளைகள் பலரும் இறந்தார்கள். இதைப் பற்றி எழுதும்போது கை நடுங்குகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் மன்னித்துவிடு என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை, உங்களுக்கும் இல்லை. பிதாவே, இவர்களை மன்னியும் என்று ஜெபித்தவர் ஆணி அறையப்பட்டவர்தான், பார்த்துக்கொண்டு நின்றவர்கள் இல்லை. உண்மை வெளிவர வேண்டும், நீதி வேண்டும் என்று கேட்பதும் அன்புக்கு எதிரானது இல்லை.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: செய்தவர்கள் வேறு, எங்களோடு வாழ்கிற முஸ்லிம்கள் வேறு. பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் கடைகளில் உடுப்பு வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். பள்ளிக்கூடம் திரும்பத் திறந்த அன்று, என்னோடு படிப்பித்த முஸ்லிம் ஆசிரியை ஒருவர் ஆசிரியர் அறை வாசலில் உள்ளே வராமல் நின்றார். நான் எழும்பிப் போக எனக்கே கொஞ்ச நேரம் எடுத்தது. போய்க் கையைப் பிடித்தேன். இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை, மணி அடிக்கும்வரை நின்றோம். அந்தக் கொஞ்ச நேரத் தயக்கத்தையும் மறைக்காமல் என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

நான் குடித்து, ஏசி, எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன். இப்போது விட்டுவிட்டேன். பிள்ளை இனி என்னை நம்புவானா?

பேதுரு ஆண்டவரை மறுதலித்த இரவில் குளிர்காய்ந்தது கரிநெருப்பில் என்று யோவான் 18 சொல்கிறது. உயிர்த்தெழுந்த பிறகு இயேசு கடற்கரையில் மூட்டியதும் கரிநெருப்புத்தான், யோவான் 21. அந்தப் புகை மூக்கில் ஏறியபோது பேதுருவுக்கு எல்லாம் ஞாபகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இரவு முழுக்க வலை வீசி ஒன்றும் கிடைக்காமல் வருகிறவனின் களைப்பு எங்கள் ஊருக்குத் தெரியும். அப்படி வந்த சீஷரிடம் இயேசு மறுதலித்ததைப் பற்றி முதலில் கேட்கவில்லை. மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, வந்து சாப்பிடுங்கள் என்றார். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் என்னில் அன்பாயிருக்கிறாயா என்று கேட்டார்.

நீங்கள் அந்தக் கதையில் பேதுரு, ஆனால் வீட்டில் நெருப்பு மூட்டுகிற வேலையும் உங்களுடையதுதான். இப்படிக் கேட்ட ஒரு தகப்பனிடம் இதைத்தான் சொன்னேன். மகன் உயர்தர வகுப்பு (ஏஎல்) படிக்கிறான், தகப்பனோடு கதைப்பதில்லை. அடுத்த நாளிலிருந்து அவர் காலை ஐந்து மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, லஞ்ச் சீற்றில் சுற்றிப் புத்தகப் பைக்குப் பக்கத்தில் வைத்தார். முதல் நாள் அது அப்படியே இருந்தது. அடுத்தடுத்த நாளும் அப்படித்தான். மத்தியானம் அவரே அதை எடுத்துச் சாப்பிட்டார். மூன்றாம் கிழமை ஒரு புதன்கிழமை பார்சலைக் காணவில்லை. பின்னேரம் மகனின் பையில் வெறும் சீற் மடித்துக் கிடந்தது. மகன் இன்னும் கதைக்கவில்லை. அவர் ஐந்து மணிக்கு எழும்பிக்கொண்டுதான் இருக்கிறார்.